வலது பொட்டில் ஒரு மாத்திரை

ஒஸ்லோ
14 பிப்ரவரி 2017

அன்புள்ள ஹோவார்,

நீ என் தொலைபேசி அழைப்பை எடுக்க மாட்டாய். அதனால் ஊன்னியிடம், உன் மனைவியிடமே, கேட்டேன். "ஃபோன்ல பேசினா மறுநாள் மறந்துடறான். அப்புறம் நீ சொல்லாததை எல்லாம் சொன்னதா வச்சுக்கிட்டு என்கிட்ட சண்டைக்கு வர்றான். எழுதிடு. எழுதினா டிராயர்ல கிடக்கும்" என்றாள். எழுதுகிறேன்.

போன வாரம் ஆறு நாள் இந்த மருத்துவமனையில் படுத்திருந்தாய். நான் வேலை செய்வது அங்கிருந்து இரண்டு மாடி கீழே. கூடப் பிறந்தவளிடம் நீ சொல்லவில்லை. பணியாளர் உணவகத்தில் யாரோ "வடக்கேயிருந்து ஒரு மீன்பிடிக்காரர் வந்திருக்கார், கேட்ட கேள்விக்கு எதிர்க்கேள்வி கேக்கறார்" என்று சிரித்தபோதுதான் அது நீ என்று தெரிந்தது.

அன்றே வார்டு கதவு வரை வந்தேன். கண்ணாடி வழியே உன்னைப் பார்த்தேன். தலையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு, அதிலிருந்து கொத்தாக வயர்கள். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாய். நர்ஸ் வந்து "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். "மாடி மாறி வந்துட்டேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். நம் வீட்டில் எனக்கு மட்டும் இந்த நழுவும் குணம் எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்பாரே, அதே குணம்தான்.

காட் மீன் வரும் காலத்தில் உன் படகு துறையில் கட்டிக் கிடக்கிறது. உன் வலிப்பைப் பற்றி நவம்பரில் டாக்டருக்கு யார் சொன்னது, உன் படகோட்டும் சான்றிதழ் எப்படிப் போயிற்று என்பதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. அது நான்தான் என்று நீ ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டாய். பரிசோதனைகளில் என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுது.

இங்வில்


நூர்வோக், ஸேன்யா தீவு
22 பிப்ரவரி

இங்வில்,

கடிதம் வந்தது. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டினது போல இருந்தது. ஊன்னி அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள். ஒஸ்லோவிலேயே யாரும் படித்துவிட்டு அனுப்புகிறார்களா?

என்ன சொன்னார்களா? ஒன்றும் சொல்லவில்லை. ஆறு நாளில் இரண்டு முறை வலிப்பு வந்தது. ஒன்று கழிப்பறையில், கண்காணிப்புக் கேமரா இல்லாத இடத்தில். இன்னொன்று படுக்கையில், போர்வை கழுத்து வரை. நர்ஸ் ஓடி வந்து கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அவர்களுக்குக் கிடைத்தது அவளுடைய முதுகுப் படம். தலையில் ஒட்டின வயர்களோ, வலிப்பு மூளையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது என்கின்றனவாம். சாதாரண ஸ்கேனில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அந்த மருத்துவமனைக்கே என்னைப் பற்றித் தெரியாது என்பதுதான் சாரம்.

இப்போது நான் கேட்கிறேன். நான்காம் நாள் ஒரு தாடிக்காரப் பையன் காகிதத்தோடு வந்தான். "ஆராய்ச்சிக்காகக் கூடுதலா ஒரு படம் எடுத்துக்கலாமா? உங்களுக்கும் உபயோகமா இருக்கும்" என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் கீழே சின்ன எழுத்தைப் பார்த்தேன். உன் துறையின் பெயர். அவனை அனுப்பியது நீயா? என் மூளையின் படம் உன் மேஜைக்கு வந்ததா? பார்த்தாயா?

சுற்றி வளைக்காமல் பதில் எழுது. என்னைப் பற்றி மற்றவர்களிடம் நீ நன்றாகப் பேசுவாய் என்று நவம்பரிலேயே தெரிந்துகொண்டேன்.

ஹோவார்


ஒஸ்லோ
1 மார்ச்

அன்புள்ள ஹோவார்,

அவனை நான் அனுப்பவில்லை. அவன் அந்த வார்டில் வலிப்புக்காகச் சேரும் எல்லோரிடமும் கேட்பான். என்னிடம் வரும் படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "கம்ப்யூட்டர்ல மூளையைக் கழுவறா" என்று உன் படகு ஆள் கோரேயிடம் சொல்லிச் சிரித்ததை உன் படகிலேயே நின்று கேட்டிருக்கிறேன். இப்போதாவது சொல்கிறேன். மூளையின் நரம்பு அணுக்களில் ஏற்பிகள் என்று உண்டு. இருக்கைகள் என்று வைத்துக்கொள். "போதும், அடங்கு" என்று சொல்லும் ரசாயனம் வந்து அவற்றில் உட்காரும். அணுவும் அடங்கும். வலிப்பு கிளம்பும் இடத்தில் பெரும்பாலும் அந்த இருக்கைகள் குறைந்துபோயிருக்கும். அடக்க ஆள் வந்தாலும் உட்கார இடம் போதாது. உனக்கு ஊசியில் ஏற்றிய மருந்து அந்த இருக்கைகளைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு சற்று நேரம் சமிக்ஞை தரும். இருக்கைகள் நிறைந்த இடம் படத்தில் பிரகாசமாகத் தெரியும், குறைந்த இடம் மங்கலாகத் தெரியும். சாதாரண ஸ்கேனில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறவர்களுக்குக்கூட இதில் ஒரு பக்கம் மங்கியிருப்பதைக் காணலாம். காதோரப் பொட்டுக்குப் பின்னால், நினைவைச் சேர்த்துவைக்கும் சின்னச் சுருளில்.

நான் அந்தப் படங்களைச் சுத்தம் செய்கிறேன். மண்டை ஓடு, தோல், கண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மூளையை மட்டும் எடுத்து, எல்லா மூளைகளையும் ஒரே திசையில் திருப்பி வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு மங்கல் என்று கணக்கிடும் நிரல் நான் எழுதியது. அதை அறுவை மருத்துவர்களும் பார்க்கிறார்கள். நம் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள் எழுதியதை அவர்கள் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

என் பங்குக்கு ஒரு கேள்வி. பிப்ரவரி 25 அன்று மீன் ஆலையின் இணையப் பக்கத்தில் ஒரு புகைப்படம் போட்டிருந்தார்கள். பின்னால் உன் படகு சரக்கு இறக்குகிறது. கோரே மேல்தளத்தில் நிற்கிறான். அவனுக்கு வலை இழுக்கத்தான் தெரியும். சுக்கானில் யார்?

இங்வில்


நூர்வோக்
8 மார்ச்

இங்வில்,

ஒஸ்லோவிலிருந்து என் படகை உளவு பார்க்கிறாய். சுக்கானில் கோரேயின் மைத்துனன். நம்பினால் நம்பு.

அறுவை மருத்துவரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. இடது பக்கமாம். உங்கள் ஏற்பிப் படத்தில் இடது சுருள் தெளிவாக மங்கியிருக்கிறதாம். வேறு எதுவும் பக்கம் சொல்லாததால் இதுதான் தீர்மானித்ததாம். ஏப்ரல் 18 அன்று எடுத்துவிடுவார்கள். இடது பக்கம் சொற்களுக்கான பக்கம் என்பதால் "பெயர்கள் நினைவுக்கு வருவதில் சிரமம் ஏற்படலாம்" என்று ஒரு வரி. அந்த வரியை ஊன்னி மூன்று தடவை படித்தாள். "பரவால்ல, என் பேரு அஞ்செழுத்துக்குள்ளதான். எழுதிக் கதவுல ஒட்டிடறேன்" என்றாள். சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே கழுவினாள்.

உனக்குத் தெரியாத செய்தி. ஆகஸ்டில் எங்களுக்குக் குழந்தை. அதன் பெயர் என் வாயில் வராமல் போனால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது வலிப்பு வந்தால் என்ன செய்வேன் என்றும் யோசித்தேன். இரண்டாவதுதான் பெரிதாகப் பட்டது. அதனால் போகப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையிலேயே வந்தது. காட் மீன், ஈரல், சினை எல்லாம் தட்டில் சூடாக இருந்தது. முதலில் கருகின கயிற்று வாசனை. அப்புறம் இந்தத் தட்டு, இந்த முள்கரண்டி, ஊன்னி இப்படித் திரும்புவது, எல்லாம் ஏற்கெனவே நடந்தது என்று தோன்றியது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெளிந்த பிறகு ஊன்னி சொன்னாள்: "வாய் மூடாம பேசிட்டே இருந்த. உருளைக்கிழங்கு கொடு, உருளைக்கிழங்கு கொடுன்னு. வலது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. இடது கை மட்டும் காயப்போட்ட மீன் மாதிரி விறைச்சு முறுக்கிக்கிச்சு. உருளைக்கிழங்கு கொடுத்தா எதால வாங்குவேன்னு பாத்தேன்."

சிரித்தோம். கொஞ்சம்தான்.

ஒன்று தோன்றுகிறது, எழுதிவிடுகிறேன். இந்த அறுவையால் உனக்கு ஆதாயம் உண்டு. உன் நிரல் சொன்ன பக்கத்தை வெட்டினார்கள், ஆள் குணமானான் என்று கட்டுரை எழுதலாம். இல்லை என்றால் இல்லை என்று எழுது.

ஹோவார்


ஒஸ்லோ
13 மார்ச்

ஹோவார்,

குழந்தை பற்றிப் பிறகு எழுதுகிறேன். மூன்று முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. ஊன்னியும் எடுக்கவில்லை.

எந்தக் கை விறைத்தது? நீ நினைத்து எழுதாதே. ஊன்னியிடம் கேள். கோரே பார்த்திருந்தால் அவனிடமும் தனியாகக் கேள். ஒவ்வொரு முறையும் அதே கையா? பேச்சு ஒவ்வொரு முறையும் தொடர்கிறதா? இதை மருத்துவரிடம் சொன்னாயா?

அறுவைக்கான சம்மதப் படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடாதே.

இ.


நூர்வோக்
20 மார்ச்

இங்வில்,

கையெழுத்துப் போட்டு அனுப்பிப் பத்து நாளாகிறது.

நீ கேட்டபடி விசாரித்தேன். கோரேயைத் துறையில் பிடித்தேன். "எந்தக் கைடா?" என்றேன். "எப்பவும் இடதுதான். தெரியாதா உனக்கு? நீ வலதால கட்டை விரலை நீவிக்கிட்டு, வானிலை அறிக்கையை முழுசா ஒப்பிச்சுக்கிட்டு இருப்ப. நாங்க ரேடியோ போடறதே இல்ல" என்றான். ஊன்னியும் அதையே சொன்னாள், எப்பவும் இடது. ஆனால் நீ எதற்குக் கேட்கிறாய் என்று அவள் முகம் வெளுத்துப் போயிற்று. உன் கடிதம் இந்த முறையும் பிரித்து ஒட்டியிருந்தது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள்.

மருத்துவரிடம் சொல்லவில்லை. "வலிப்பின்போது என்ன நடக்கும்?" என்று கேட்டார். "நான் அங்க இருக்க மாட்டேனே, எனக்கெப்படித் தெரியும்" என்றேன். ஊன்னியை அழைத்து வரச் சொன்னார். அவளுக்கு ஆலையில் வேலை என்றேன். ஒரு தடவை நிஜம் அவர்கள் காதுக்குப் போனதில் சான்றிதழ் போயிற்று. இன்னும் எதற்கு அவர்களுக்குத் தீனி போடுவது?

நீ எதையோ கண்டுபிடித்திருக்கிறாய். எழுது. பயமாக இருக்கிறது என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை, எழுதிவிட்டேன்.

ஹோவார்


ஒஸ்லோ
25 மார்ச்

அன்புள்ள ஹோவார்,

உனக்கு அறுவை ஏப்ரல் 18 அன்று நடக்காது. மருத்துவரே உன்னை அழைத்திருப்பார். அவர் சொன்னதில் ஒன்று விடுபட்டிருக்கும். தவறு என்னுடையது.

இடது கையை ஆள்வது வலது மூளை. வலிப்பில் இடது கை முறுக்கிக்கொண்டு, பேச்சு நிற்காமல் போனால், பெரும்பாலும் அது வலது பக்கத்திலிருந்து கிளம்புகிறது. நீ அந்த மேஜையைப் பற்றி எழுதியதைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உன் பதில் வரட்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னால் அது பாதிப் பொய். மூன்று நாள் கோப்பைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

இயந்திரத்துக்குள் போகுமுன் உன் வலது பொட்டில் ஒரு மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையை டேப் போட்டு ஒட்டினார்கள், நினைவிருக்கிறதா? நிச்சயம் நீ ஏதாவது கேலி பேசியிருப்பாய். அது படத்தில் வெள்ளையாகத் தெரியும். "இது வலது" என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. மூளை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் பார்த்துப் பக்கம் சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்கும் ஒட்டுவார்கள்.

படம் பார்ப்பதில் இரண்டு வழக்கம் உண்டு. நோயாளியின் காலடியில் நின்று பார்ப்பது போல வைத்தால் அவருடைய வலது நமக்கு இடப்பக்கம் தெரியும். தலைமாட்டில் நின்று பார்ப்பது போல வைத்தால் வலது வலதாகவே தெரியும். இயந்திரம் காலடி வழக்கத்தில் கொடுத்துவந்தது. என் நிரல் அதைப் புரட்டித் தலைமாட்டு வழக்கத்துக்கு மாற்றியது. செப்டம்பரில் இயந்திரத்தின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அதன்பின் இயந்திரமே புரட்டிக் கொடுக்கத் தொடங்கியது. என் நிரல் அதை மறுபடி புரட்டியது. பிறகு நான் படத்தைச் சுத்தம் செய்தேன். மண்டை ஓட்டோடும் தோலோடும் அந்த மாத்திரையும் போய்விட்டது. சாட்சியை நானே துடைத்து எறிந்திருக்கிறேன்.

பதினான்காம் எண்ணின் படத்தைச் சுத்தம் செய்யாமல், புரட்டியதும் அப்படியே நிறுத்திப் பார்த்தேன். மாத்திரை இடது பொட்டில் இருந்தது. பனித்துளி போல, வெள்ளையாக.

ஆமாம், பதினான்கு நீதான். பெயர் வராது என்று எழுதியது உண்மை. ஆனால் படம் எடுத்த தேதி வரும். அந்த வாரம் ஒரே ஒருவருக்குத்தான் எடுத்தார்கள். எனக்குத் தெரிந்திருந்தது. பார்த்தாயா என்று நீ கேட்டதற்கு நான் பதில் எழுதாமல் நழுவினேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். செப்டம்பரில் கூட்டம் நடந்தது. பொறியாளர், "இனிமே படம் எல்லாம் புது வழக்கத்துல வரும். எல்லாருக்கும் புரியுதுல்ல?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். எனக்குப் புரியவில்லை. "எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கத்துக்கு?" என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ பேராசிரியர், டாக்டர். அவர்கள் காபிக் கோப்பையோடு இந்தச் சொற்களைப் பேசி வளர்ந்தவர்கள். இதைக்கூடக் கேட்கிறாளே என்று யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? நானும் தலையாட்டினேன். கூட்டம் முடிந்து தனியாகவாவது கேட்டிருக்கலாம். அவர் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் பேராசிரியை ஸிஸ்ஸெலிடம் போய்ச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"எத்தனை பேர்?"

"செப்டம்பர்லேர்ந்து பதினோரு பேர்."

"அறுவை ஆனவங்க?"

"ஒருத்தர். ஜனவரியில."

அறுவையான அந்தப் பெண்ணின் மருத்துவக் கோப்பைப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போயிருந்தேன். கடவுளே, ஹோவார், அதைத் திறந்த அந்த ஒரு நிமிடம். அவளுக்கு மற்ற எல்லாப் பரிசோதனைகளும் வலது என்றிருந்தன. மருத்துவர்கள் அவற்றை நம்பி என் படத்தை ஒதுக்கிவைத்து, வலது பக்கத்தையே வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் "ஏற்பிப் படம் ஒத்துவரவில்லை" என்று ஒரு குறிப்பு. ஏன் ஒத்துவரவில்லை என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. அந்தக் குறிப்பை ஜனவரியிலேயே பார்த்துவிட்டு மறந்துபோன நானும் யாரையும் கேட்கவில்லை. உனக்கோ ஒதுக்கிவைக்க வேறு பரிசோதனை எதுவும் இல்லை.

ஜூனுக்குப் பிறகு எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியவில்லை. ஸிஸ்ஸெல் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பார், மறுபடியும்.

என்னைச் சந்தேகப்பட்டாய். சரியாகத்தான் சந்தேகப்பட்டாய்.

இங்வில்


நூர்வோக்
3 ஏப்ரல்

இங்வில்,

படித்தேன். வெளியே போனேன். துறையின் கடைசி வரை நடந்து திரும்பி வந்து மறுபடி படித்தேன். உன்னைத் திட்ட நல்ல நல்ல வார்த்தைகள் வந்தன. இடது பக்கம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

உள்ளே வந்தால் ஊன்னி மேஜையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். உன் கடிதம் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் பிரிந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. இதையும் அவள் எனக்கு முன்னால் படித்துவிட்டாள்.

"அவ எழுதிடுவான்னு ஒவ்வொரு கடுதாசியும் பிரிச்சேன்" என்றாள்.

"என்னத்தை?"

"நவம்பர்ல டாக்டருக்கு ஃபோன் பண்ணது நான். இங்வில் இல்ல. அவகிட்ட நான்தான் கெஞ்சினேன், சொல்லிடாதேன்னு. நீ படகுல தனியாப் போயிட்டு வர்ற ஒவ்வொரு நாளும் ஜன்னல்லயே நின்னேன். வேற என்ன பண்ணச் சொல்ற? அவ இவ்ளோ பெரிய தப்பையே தைரியமா எழுதிட்டா. என்னைப் பத்தி ஒரு வரி எழுதல."

நான்கு மாதம் உன் மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஊன்னியின் மேல் வைக்கலாம் என்றால் அவள் வயிற்றில் குழந்தை. கடைசியில் அடுப்பில் காபி வைத்தேன்.

நானும் தவறான ஆளைத்தான் வெட்டியிருந்தேன். உனக்காவது ஒரு இயந்திரம் புரட்டிக் கொடுத்தது. எனக்கு அதுகூட இல்லை. நானே பார்த்து நானே முடிவு செய்தது.

பிப்ரவரி 25 அன்று சுக்கானில் இருந்தது நான். கோரேக்கு மைத்துனனே கிடையாது.

வெள்ளிக்கிழமை மருத்துவரை நானே அழைத்தேன். இடது கை, பேச்சு, வானிலை அறிக்கை, படகு எல்லாம் சொன்னேன். வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் பிப்ரவரியில சொல்லியிருந்தீங்கன்னா இந்தப் படத்தை நாங்களே சந்தேகப்பட்டிருப்போம்" என்றார். அதனால் மொத்தப் பழியையும் நீயே எடுத்துக்கொண்டு போகாதே. அதில் பாதி என் பெயரில் இருக்கிறது.

மே 9 அன்று படத்தை மறுபடி எடுக்கிறார்கள். அறுவை பற்றி அப்புறம்தான் முடிவு. வலது என்றால் வெட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊன்னியும் வருகிறாள், எந்தக் கை என்று அவளே சொல்லட்டும்.

உன் மேல் கோபம் முழுதாகப் போகவில்லை. போக நாளாகும். ஆனால் அன்று நீ அந்த அறையில் இருக்க வேண்டும். இரண்டு மாடி கீழே அல்ல. கதவுக் கண்ணாடிக்கு வெளியே அல்ல. உன்னை விடமாட்டோம் என்று சொன்னால், நோயாளி கேட்கிறார் என்று சொல். பொட்டில் மாத்திரையை ஒட்டினதும் அங்கே இருக்கும் டாக்டர், பொறியாளர், பேராசிரியை எல்லோரிடமும், "இது எந்தப் பக்கம்?" என்று நீ வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் பதில் சொன்ன பிறகு இன்னொரு தடவை கேள்.

நான் அந்தக் குழாய்க்குள் படுத்திருப்பேன். அது பயங்கரமாகச் சத்தம் போடும். எனக்குக் கேட்கிற மாதிரி கேள்.

ஹோவார்